பிளாஸ்டிக் ஷீட்டில் உருவ போர்டு: கையால் வெட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டிகளிலும் தோட்டத்து வாசல், நாற்றுப் பண்ணை, மாட்டுத் தொழுவம், மண்டபத்துக்குத் திரும்புகிற முக்கு என்று பல இடங்களில் சின்ன போர்டு நடுகிறோம். நீள்சதுரமாக இல்லாமல் மாம்பழமாக, காளையாக, மல்லிகை மொட்டாக, அம்பாக வெட்டி நடுவது பற்றிய பக்கம் இது. லேசர் கிடையாது, குடைந்து வெட்டும் ரூட்டர் மெஷின் கிடையாது. கட்டர், அரம், உப்புத்தாள், நல்ல வெளிச்சம் உள்ள ஒரு திண்ணை இருந்தால் போதும்.

ஃப்ளெக்ஸ் அடித்து ஃபிரேமில் மாட்டினால் வேலை முடிந்தது. எதற்கு மெனக்கெட்டு உருவமாக வெட்ட வேண்டும்?

சாலையில் போகிறவருக்குப் படிக்க நேரம் இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். பார்த்து, யோசித்து, வேகம் குறைத்துத் திரும்ப மூன்று விநாடி வேண்டும் என்றால், 40 மீட்டர் தள்ளியே உங்கள் போர்டு அவருக்குப் புரிந்தாக வேண்டும். போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து. அந்தக் கணக்கில் 40 மீட்டருக்கு ஓரடிக்கு மேல் உயரமான எழுத்து தேவை. இரண்டடி போர்டில் அதை எங்கே வைப்பது?

ஆனால் இரண்டடி உயர மாம்பழ உருவம் அந்தத் தூரத்திலேயே மாம்பழமாகத் தெரியும். நத்தம் சாலையில் வருகிறவர் எழுத்தைப் படிக்கும் முன்பே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார். கிட்டே வந்ததும் "கன்றுகள் கிடைக்கும்" என்ற இரண்டு சொல் போதும். அதனால்தான் வெளிக்கோட்டுக்கு முதல் மரியாதை, எழுத்துக்கு அடுத்த இடம் என்கிறேன். கீழே வருகிற எல்லாப் பதிலும் இந்த ஒரு எண்ணத்தில் நிற்பவை.

எந்த ஷீட் வாங்குவது? கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீட்டு வேலைக்கு மூன்றில் ஒன்றுதான் அமையும்.

முதலாவது சன்போர்டு. நுரைத்த பிவிசி ஷீட். பார்க்க வழவழப்பான வெள்ளைப் பலகை. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் வினைல் ஒட்டித் தருவது இதன்மேல்தான். எட்டடிக்கு நாலடி முழு ஷீட், 3 மி.மீ, 5 மி.மீ கனங்களில் எளிதாகக் கிடைக்கும். 5 மி.மீ முழு ஷீட் ஏறக்குறைய எட்டு கிலோ வரும். கட்டருக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும், விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கலாம், பெயின்ட் பிடிக்கும். முதல்முறை வெட்டுகிறவர் இதில் தொடங்குவதே நல்லது. இரண்டடி வரைக்கும் 3 மி.மீ தாங்கும், அதற்கு மேல் 5 மி.மீ.

இரண்டாவது பிபி ஷீட், அதாவது பாலிபுரொப்பிலீன். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே குழல் குழலாக ஓட்டை ஓடும். அட்டைப்பெட்டியின் உள்ளமைப்பை பிளாஸ்டிக்கில் செய்தது போல் இருக்கும். 4 மி.மீ கனம்தான் போர்டுக்கு வழக்கம். முழு ஷீட்டே இரண்டு, மூன்று கிலோதான். ஓட்டையில் கம்பியைச் சொருகி நேராக மண்ணில் நட்டுவிடலாம். விழா, திருமணம், நாலு நாள் கூட்டம் என்றால் இதுதான். ஆனால் வெயில் தாங்க மருந்து கலக்காத ரகமாக இருந்தால் மதுரை வெயிலில் நொறுநொறுத்துப் போகும். வாங்கும்போதே வெளியில் வைக்கும் ரகமா என்று கேளுங்கள்.

மூன்றாவது அக்ரிலிக், கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக். அழகு, பளபளப்பு, நீடித்த உழைப்பு எல்லாம் உண்டு. ஆனால் கையால் வளைவு வெட்டுவதற்கு முரட்டுப் பொருள். வீட்டு எண் பலகை, பெயர்ப்பலகை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் கடைகளிலும், சமையலறை அலமாரி செய்கிறவர்களிடமும் மீந்த துண்டு கேட்டால் கிடைக்கும். இரண்டடி போர்டுக்கு அதுவே தாராளம்.

தெர்மாகோல்? காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு?

வெளியில் வைக்க இரண்டும் வேண்டாம். காகிதம் ஒட்டியது ஒரு மழையில் உரிந்துவிடும். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

செல்போனில் உள்ள படத்தை இரண்டடிக்கு எப்படிப் பெரிதாக்குவது?

கட்டம் போடுங்கள். சினிமா கட்-அவுட் வரைந்த ஓவியர்கள் பல அடி உயர முகத்தைக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். படத்தை ஏ4 தாளில் எடுத்து ஒரு அங்குலக் கட்டம் போடுங்கள். பிரவுன் தாளில் மூன்று அங்குலக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்துப் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் உருவம் வந்துவிடும். பானை, தாமரை, மொட்டு போல இரு பக்கமும் ஒத்த உருவமாக இருந்தால் தாளை மடித்துப் பாதி மட்டும் வரைந்து வெட்டி விரியுங்கள்.

வெட்டிய தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவின் அந்தக் கோடிக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே கண், மூக்கு, கோடு எதுவும் வரையக் கூடாது. வெறும் நிழல் மட்டும். அந்தப் பக்கமாகப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். உடனே சொன்னால் ஷீட்டில் ஏற்றலாம். யோசித்தால் கோட்டைத் திருத்த வேண்டும். கொய்யாவும் மாதுளையும் எலுமிச்சையும் நிழலில் ஒன்று போலவே இருக்கும்; காம்பும் ஓர் இலையும் சேர்த்தால்தான் பிரியும். மாம்பழத்துக்கு அந்த மூக்கு வளைவே போதும்.

காளை உருவம் வெட்டினேன். கொம்பும் காலும் ஒடிந்துவிட்டன. என்ன செய்வது?

பாலமேடு, அலங்காநல்லூர், அவனியாபுரம் பக்கம் தொழுவத்து வாசலுக்கு எல்லோரும் கேட்பது காளைதான். வெட்டுவதில் கடினமானதும் அதுதான், ஏனென்றால் ஒரே உருவத்தில் நீண்டு மெலிந்தவை ஏழு இருக்கின்றன: இரண்டு கொம்பு, நாலு கால், ஒரு வால். மெலிந்த உறுப்பு ஒவ்வொன்றும் காற்றில் ஆடி, வேர்ப்பகுதியில் ஒடியும்.

முதலில் உருவத்தை உறுதிக்கு ஏற்பத் திருத்துங்கள். கொம்பின் அடி இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நுனி ஊசியாக வேண்டாம், சுண்டுவிரல் நுனி அளவுக்கு மழுங்கட்டும். தூரத்தில் அது கூராகத்தான் தெரியும். முன்னங்கால் இரண்டையும் ஒன்றாக, பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அடியில் மூன்று அங்குலத்துக்கு மண்மேடு போல ஒரு பட்டை விட்டு, கால்களை அதில் இறக்குங்கள். அந்தப் பட்டையில் ஊர்ப்பெயரும் எழுதலாம். வாலைத் தனியே தொங்கவிடாமல் தொடையோடு ஒட்டினாற்போல் வரைந்துவிட்டு, பெயின்டில் பிரித்துக் காட்டுங்கள். திமிலை மட்டும் தாராளமாகத் தூக்குங்கள். நம் நாட்டு மாடு என்று அடையாளம் சொல்வது திமில்தான், அது அகலமான பகுதி என்பதால் ஒடியவும் ஒடியாது.

அடுத்தது, கொம்பு தலையோடு சேரும் உட்கோணம். ஷீட் எதுவாக இருந்தாலும் கூர்மையான உட்கோணத்தில்தான் விரிசல் பிறக்கும். கட்டரை எடுக்கும் முன் அந்த மூலையில் 8 அல்லது 10 மி.மீ டிரில் பிட்டால் ஒரு துளை போடுங்கள். இரண்டு வெட்டும் அந்த வட்டத்தில் வந்து முடியட்டும். இழுவிசை ஒரு புள்ளியில் குவியாமல் வளைவு முழுக்கப் பரவும். இந்த ஒரு துளைதான் போர்டு பிழைப்பதற்கும் ஒடிவதற்கும் உள்ள வித்தியாசம்.

பிபி ஷீட் என்றால் குழல் ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். குழலின் நீளவாக்கில் ஷீட் விறைப்பாக நிற்கும், குறுக்கே எளிதில் மடியும். கொம்பும் காலும் மேல்கீழாக இருப்பதால் குழலும் மேல்கீழாக ஓடும்படி படத்தை வையுங்கள். கம்பி சொருகவும் அதுதான் வசதி. சன்போர்டில், கொம்புக்குப் பின்னால் இன்னொரு துண்டை பிவிசி பைப்புக்குப் போடும் பேஸ்டால் ஒட்டினால் கனம் இரட்டிப்பாகும். அந்தப் பட்டை தலைக்குள் ஆறு அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும்.

வெட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

18 மி.மீ அகலக் கட்டர் நேர்கோட்டுக்கும் பெரிய வளைவுக்கும், 9 மி.மீ கட்டர் சின்ன வளைவுக்கு. அடியில் பழைய பிளைவுட் அல்லது கெட்டி ரப்பர் மேட். கோடு வரைந்ததும் கழிவுப் பக்கத்தில் குறுக்குக்கோடு போட்டு வையுங்கள். எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கைக்குக் குழப்பம் வரக் கூடாது.

சன்போர்டில் முதல் கீறல் கோடு காட்டுவதற்கு மட்டும். அழுத்தமே வேண்டாம். கட்டர் கோட்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்த இழுப்பு தானாக அதே தடத்தில் ஓடும். 3 மி.மீ ஷீட்டுக்கு இரண்டு மூன்று இழுப்பு, 5 மி.மீக்கு நாலைந்து. ஒரே இழுப்பில் முடிக்க நினைத்து அழுத்தினால் பிளேடு வளைந்து, மேலே கோட்டில் இருக்கிற வெட்டு அடியில் விலகிப்போய் விளிம்பு சாய்ந்துவிடும். கையும் வழுக்கும். நேர்கோட்டில் பாதி ஆழம் கீறிவிட்டு மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் ஷீட் சுத்தமாக முறியும்.

வளைவில் கையைத் திருப்பாதீர்கள், ஷீட்டைத் திருப்புங்கள். கட்டர் எப்போதும் செங்குத்தாக, உங்களை விட்டு விலகிய திசையில் அல்லது பக்கவாட்டில் ஓடட்டும். பிடித்திருக்கும் இடது கை அதன் பாதையில் இருக்கக் கூடாது. உள்வளைவு வெட்டும் முன் கழிவைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: ஷீட்டின் ஓரத்திலிருந்து கோடு வரைக்கும் அங்குலத்துக்கு ஒரு வெட்டு. பிறகு கோட்டின் மேல் வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு துண்டாகத் தானே உதிரும். பெரிய கழிவு தொங்கி விளிம்பைக் கிழிக்காது. ஸ்டீல் ஸ்கேலை நல்ல பகுதியின் மேல் வையுங்கள். கட்டர் தவறினாலும் கழிவில்தான் கீறல் விழும்.

பிளேடின் சத்தத்தைக் கேளுங்கள். கூராக இருக்கும்வரை மெல்லிய சீரான சத்தம். மழுங்கியதும் இழுப்பு தடங்கி, வெட்டில் வெள்ளைப் பொடி உருளும். உடனே பிளேடின் நுனியில் உள்ள ஒரு கண்ணியை முறித்துவிடுங்கள். முறித்த துண்டுகளைப் பழைய தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். குப்பை அள்ளுகிற பெண்களின் கைக்கு அவை போகக் கூடாது.

பிபி ஷீட்டில் குழலோடு வெட்டுவது சுலபம், ஒரே குழலுக்குள் கட்டரை ஓடவிட்டால் ஸ்கேலே வேண்டாம். குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு தடுப்பிலும் பிளேடு தட்டும். முதலில் மேல்தோலை மட்டும் முழுக் கோட்டிலும் வெட்டி முடித்து, பிறகு அடித்தோல். கத்தரிக்கோல் குழலை நசுக்கும், தவிர்த்துவிடுங்கள்.

கடைசியில் விளிம்பு. 120 நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி வெளிவளைவுக்கு, ஒரு துண்டு பைப்பில் சுற்றி உள்வளைவுக்கு. பிறகு 220. பிவிசி தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, மாஸ்க் போடுங்கள். பிபியைத் தேய்த்தால் பஞ்சு போல நூல் நூலாக எழும்பும். அதைக் கட்டரால் வழிப்பதோடு நிறுத்துங்கள்.

ஜிக்ஸா மெஷின் (மேலும் கீழும் ஓடும் சின்ன மின்ரம்பம்) இருக்கிறது. பயன்படுத்தலாமா?

5 மி.மீ சன்போர்டுக்கும் அக்ரிலிக்குக்கும் பயன்படுத்தலாம். வேகத்தைக் குறைத்து, நெருக்கமான பல் உள்ள பிளேடு போடுங்கள். வேகம் கூடினால் ஷீட் உருகி, பிளேடு கடந்த இடம் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பரப்பில் கீறல் விழாது. கண்ணாடி அணியுங்கள்.

சூடான கம்பியால், சால்டரிங் அயர்னால் வெட்டினால் வேகமாக முடியுமே?

சன்போர்டில் ஒருபோதும் வேண்டாம். பிவிசியைக் கருக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தில் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

அக்ரிலிக் வெட்டும்போது விரிசல் விடுகிறது.

மேலே ஒட்டிவரும் தாளை வேலை முடியும்வரை உரிக்காதீர்கள். வெட்டும் கோட்டுக்கு மிக அருகில் ஷீட்டைத் தாங்கிப் பிடித்து, கிளாம்ப் போட்டு, அதிர விடாமல் வெட்டுங்கள். துளை போடும்போது அடியில் மரக்கட்டை, மெதுவான வேகம், அழுத்தம் குறைவு. விளிம்பிலிருந்து முக்கால் அங்குலமாவது தள்ளித் துளை போடுங்கள். இரும்புக்கான கூரான பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுக்கும்; பிட்டின் முனையைச் சற்று மழுக்கிக்கொண்டால் விரிசல் குறையும்.

எழுத்தையும் வெட்டி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தமிழ் எழுத்து தனிக் கவனம் கேட்கும். "மாம்பழம்" என்று வெட்டினால் இரண்டு புள்ளியும் தனித்தனிச் சில்லாகக் கீழே விழும். ஒன்று, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு செ.மீ அகலத்தில் பாலம் விடுங்கள். இல்லையென்றால் எல்லா எழுத்தையும் பின்னால் ஒரு பட்டையில் ஒட்டுங்கள். ண, ன, ழ ஆகியவற்றின் சுழி நிறைந்துபோனால் படிக்க முடியாது; ஆறு அங்குலத்துக்குக் குறைந்த எழுத்தில் அந்த ஓட்டையைக் கையால் சுத்தமாக எடுப்பது சிரமம். என் விருப்பம், உருவத்தை வெட்டி, எழுத்தைத் தூரிகையால் எழுதுவது. சுவர் எழுதி வளர்ந்த கை இன்னும் மதுரையில் இருக்கிறது. அவர்களிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டர் எழுத்துக்கு வராத ஓட்டம் அதில் இருக்கும்.

பெயின்ட் உரிந்து வருகிறது.

பிபி ஷீட்டாக இருக்கும். அதன் பரப்பில் பெயின்ட் எளிதில் பிடிக்காது, சாதாரணப் பசையும் ஒட்டாது. வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்த பிறகு பெயின்ட். சன்போர்டை 220 உப்புத்தாளால் லேசாக மங்கடித்து, துடைத்து, வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனை இரண்டு கோட் கொடுத்தால் நிற்கும். பின்பக்கமும் விளிம்பும் மறக்க வேண்டாம். பெரிய பரப்பில் கறுப்பு, அடர்நீலம் தவிர்க்கலாம். அடர்நிறம் வெயிலை வாங்கும், பிவிசி 75, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள்.

ஸ்க்ரூ போட்ட இடத்தில் ஷீட் அலை அலையாக எழும்புகிறதே?

விரிய இடம் இல்லாததால். இரவுக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் நாலடி பிவிசி ஷீட் 2 மி.மீக்கு மேல் நீளும். ஸ்க்ரூவைவிட 3 மி.மீ பெரிய துளை போட்டு, அகல வாஷர் வைத்து, கடைசிச் சுற்றுக்கு முன்னால் முடுக்கலை நிறுத்துங்கள்.

நட்ட போர்டு ஆடி மாதத்தில் சாய்ந்துவிடுகிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இரண்டடிக்கு மூன்றடி போர்டை 60 கிலோமீட்டர் காற்று சுமார் பத்து கிலோ எடை சாய்வது போலத் தள்ளும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் இது எம்மாத்திரம். உசிலம்பட்டி, தேனி சாலைப் பக்கம் மேற்கிலிருந்து வருகிற காற்று நிற்காது. முடிந்தால் போர்டின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி நடுங்கள்.

மண்ணும் பார்க்க வேண்டும். மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண்ணில் ஒன்றரை அடி இறக்கி மண்ணை மிதித்தால் பிடித்துக்கொள்ளும். திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிக் கரிசலில் அது நடக்காது. கோடையில் வெடித்துக் கம்பியை விடும், மழையில் ஊதித் தூக்கும். அங்கே இரண்டடிக்கு மேல் குழி எடுத்து, சுற்றிலும் சரளை போட்டு இடித்து, சவுக்குக் கட்டை நடுங்கள். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினால் கரையான் தாமதிக்கும்.

நாலு நாள் பிபி போர்டுக்கு 10 கேஜ் கம்பியை, அதாவது ஏறக்குறைய 3.25 மி.மீ, இரண்டு கால் உள்ள ப வடிவத்தில் வளைத்து, இரண்டு காலையும் மேல்நோக்கிக் குழலில் சொருகினால் போதும்; அடிமட்டத்தை மண்ணில் புதைத்து மிதியுங்கள். பிபி போர்டின் மேல்விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரும் எறும்பும் குழலுக்குள் இறங்கும். கீழ்விளிம்பு திறந்தே இருக்கட்டும், இறங்கிய நீர் வடியும்.

சாலையோரத்தில் நட அனுமதி வேண்டுமா?

உங்கள் வேலிக்குள், உங்கள் பட்டா நிலத்தில் நடுங்கள். சாலையோரம் அரசு நிலம். மாநகராட்சி, ஊராட்சி, நெடுஞ்சாலைத் துறை என்று யாருடைய இடமோ அவர்களிடம் கேட்காமல் நடக் கூடாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். போர்டு சின்னதுதானே என்று சென்டர் மீடியனிலும் வளைவிலும் வைக்காதீர்கள். எதிரே வரும் வண்டியை மறைக்கும். மரத்தில் ஆணி அடிப்பது எந்த நாளும் வேண்டாம்.

மீந்த துண்டுகளைப் போகியன்று கொளுத்திவிடலாமா?

வேண்டவே வேண்டாம். பிவிசி எரிந்தால் அமில வாயுவும் டையாக்சின் என்ற நச்சும் வரும். பெரிய துண்டில் செடிப்பெயர் அட்டை, அடுத்த போர்டின் கொம்புக்கு முட்டுக்கொடுக்கும் பட்டை வெட்டலாம். மீதியை பிபி தனி, பிவிசி தனியாகக் கட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள். இரண்டும் கலந்தால் உருக்கிப் பயன்படுத்த முடியாது.

சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தலுக்கு வழிகாட்டும் போர்டு வேண்டும். என்ன உருவம் நன்றாக இருக்கும்?

அழகர் வரும் வழியில், மூன்றுமாவடியிலும் புதூரிலும் தல்லாகுளத்திலும் கூட்டத்துக்கு மேல் தலைகள்தான் தெரியும். அதனால் போர்டு ஆள் உயரத்துக்கு மேலே, எட்டடியில் நிற்க வேண்டும். பானை உருவம், அதன் ஒரு பக்கத்திலிருந்தே நீளும் அம்பு. இரண்டும் ஒரே துண்டு. அம்பின் கழுத்து நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரு பக்கமும் பெயின்ட் அடியுங்கள், போகிறவர்களும் வருகிறவர்களும் பார்ப்பார்கள். பின்பக்கம் அம்பு திசை மாறாது, எழுத்தை மட்டும் திரும்ப எழுத வேண்டும். கூட்டத்தில் குழந்தைகளைத் தோளில் வைத்து வருவார்கள், அவர்கள் முகத்துக்கு எட்டும் உயரத்தில் கூரான மூலை எதுவும் இருக்கக் கூடாது. எல்லா முனையையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து வட்டமாக வெட்டிவிடுங்கள். திருவிழா முடிந்ததும் கழற்றி, நிழலில் படுக்கையாக அடுக்கி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த சித்திரைக்குள் வளைந்துவிடும்.